முப்பதாவது தலை

அடுத்தவர் தலையில் மிளகாய் அரைத்துப் பிழைக்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. தொப்பியக்கா அடுத்தவர் தலையில் பசை தடவிப் பிழைத்தாள். இரண்டுக்கும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவளே சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். சிரிக்கும்போது தலை லேசாக இடப்பக்கம் திரும்பும். வலது காது எதிராளிக்கு நேராக வந்து நிற்கும். அது அவளுடைய ஸ்டைல் என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டைலாவது ஒன்றாவது! இடது காது கேட்காது, அவ்வளவுதான். அது யாருக்கும் தெரியாது.

யாருக்கும் என்றால், அந்தக் காதை அறைந்து கெடுத்த புருஷனுக்குத் தெரியும். வைத்தியம் பார்த்தவருக்குத் தெரியும். தங்கச்சிக்குத் தெரியும். அதோடு சரி.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலாவது மாடியில் விளம்பரம் எடுக்கிற கம்பெனி. எடுத்த விளம்பரம் தேறுமா தேறாதா என்று பார்க்கிற இடம் மூன்றாவது மாடி. வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஒரு துணித் தொப்பி மாட்டுவார்கள். தொப்பியில் முப்பத்திரண்டு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் முடியை விலக்கி, தோல் தெரிகிற இடத்தில் பசையை வைத்து ஒரு ஒயரைப் பொருத்த வேண்டும். பிறகு ஆள் விளம்பரம் பார்ப்பார். அந்தப் பக்கத்து அறையில், கம்ப்யூட்டர் திரையில், அவருடைய மூளை கோடு கோடாக ஓடும்.

முதலில் இந்த வேலையைப் பெரிய படிப்பு படித்த இரண்டு பேர் பார்த்தார்கள். ஒரு சுருட்டை முடி வந்து உட்கார்ந்தால் போதும், அரை நாள் போய்விடும். கீழ்த்தளத்து பியூட்டி பார்லரில் முடி வெட்டிக்கொள்ளப் போன டாக்டரம்மா, அங்கே ஒருத்தியின் விரல்கள் முடிக்குள் ஓடுகிற வேகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். "எங்க ஆபீஸுக்கு வரீங்களா? வெட்ட வேண்டாம், விலக்கினாப் போதும்" என்றார். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மூளையை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். தலைவலி என்று அவரிடம் போனால், எனக்கும்தான் என்பார்.

அப்படித்தான் அக்கா தொப்பியக்கா ஆனாள். நாலு வருஷத்தில் ஆயிரம் தலைக்கு மேல் பார்த்துவிட்டாள்.

டாக்டரம்மா ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். நல்ல விளம்பரத்தைப் பார்க்கிற மூளை இரண்டு தடவை துள்ளும். எதிர்பாராத ஒன்றைக் கேட்டதும், இமைக்கிற நேரம்கூட ஆகாது, முதல் துள்ளல். என்னடா இது, பொருந்தவில்லையே என்று. அடுத்த இமைப்பில் இரண்டாவது. அட, பொருந்துகிறதே என்று. முதலாவது மட்டும் வந்தால் அது உளறல். இரண்டும் வராவிட்டால் அரைத்த மாவு. இரண்டும் வந்தால்தான் புதுமை. ஆள் யோசித்து வாயைத் திறப்பதற்குள் மூளை தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடும். இதற்கெல்லாம் டாக்டரம்மா நாக்கைச் சுளுக்கவைக்கிற பெயர்கள் வைத்திருந்தார். தொப்பியக்கா முதலாவதற்கு 'திடுக்' என்றும், இரண்டாவதற்கு 'அட' என்றும் பெயர் வைத்தாள். ஆறே மாதத்தில் டாக்டரம்மாவின் ரிப்போர்ட்டிலேயே திடுக்கும், அட என்பதும் ஏறிவிட்டன.

"வாய் பொய் சொல்லும், தலை சொல்லாது" என்பது டாக்டரம்மா அடிக்கடி சொல்கிற பேச்சு. பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஆகா, ரொம்பப் புதுசா இருந்துச்சு" என்று வாய் நிறையச் சொல்வார்கள். திரையில் பார்த்தால் கோடு படுத்துக் கிடக்கும். பாவம், மரியாதைக்குச் சொல்கிறார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. தொப்பி மாட்டுகிறவள் விளம்பரத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அவள் முகமே அடுத்த ஆளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தொப்பியக்கா நாலு வருஷமாக ஒரு விளம்பரமும் முன்கூட்டிப் பார்த்ததில்லை. கோடுகளை மட்டும்தான் பார்ப்பாள். எது வென்றது, எது மண்ணைக் கவ்வியது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது எண்ணெயா, சோப்பா, கதவுப் பூட்டா என்று தெரியாது.

தங்கச்சி நாலாவது மாடி. வாசகம் எழுதுகிறவள். அக்காவுக்கும் அவளுக்கும் பதினொரு வயசு வித்தியாசம். அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் தங்கச்சிக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டு, கூட்டிவந்தது எல்லாம் அக்காதான். சிக்கெடுக்கக் கற்றுக்கொண்டதே அந்தத் தலையில்தான். பின்னால் அக்கா அந்த ஆளைக் கல்யாணம் செய்து, ஆறு வருஷம் அவனுடைய கத்தலையும் கையையும் தாங்கி, ஒருநாள் மத்தியானம் ஒரே ஒரு பையோடு வெளியே வந்தபோது, போய் நின்றதும் தங்கச்சியின் வாடகை அறையில்தான். அன்றைக்கு நல்ல மழை. இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். "எப்படிக்கா ஆறு வருஷம் தாங்கினே?" என்று தங்கச்சி கேட்டாள்.

"என்ன பண்ணச் சொல்றே? அவன் கத்த ஆரம்பிச்சதும் சாஞ்சு படுத்துக்குவேன். கேக்குற காதைத் தலையணைக்குக் குடுத்துட்டேன். கேக்காத காதை அவனுக்குக் குடுத்துட்டேன்."

சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் அக்கா அழுதாள், தங்கச்சி அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதேடி" என்றாள் அக்கா. முன்பு வேலை பார்த்த ஒரு பார்லரில் இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்காமல் போய், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கி ஒரு வேலையை இழந்திருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. காது போய்விட்டது என்றால் அடுத்த கேள்வி எப்படிப் போச்சு என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஆள் ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை. "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றாள் தங்கச்சி.

ஆபீஸில் மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். சாப்பாட்டு அறையில் சுவரோர நாற்காலி அக்காவுக்கு. இடது காது சுவருக்கு, வலது காது தங்கச்சிக்கு. பக்கத்து நாற்காலியைத் தங்கச்சி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அக்காவும் தங்கையும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் பார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

இப்போது அந்தத் தலையணைக் கம்பெனி விஷயத்துக்கு வருவோம்.

கம்பெனிக்காரர் சூடுபட்ட மனிதர். போன வருஷம் வேறு யாரோ அவருக்கு எழுதிக்கொடுத்த வாசகம் எங்கிருந்தோ சுட்டது என்று தெரிந்து, சந்தி சிரித்துவிட்டது. அதனால் இந்தத் தடவை கறாராகச் சொல்லிவிட்டார். முப்பது தலை பார்க்க வேண்டும், ஒன்று குறையக்கூடாது, ஒரே ஒரு தலையில் திடுக் வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று எழுதித்தர வேண்டும். நாலாவது மாடியில் இந்த விளம்பரம் தேறினால் எழுதியவளுக்குத் தலைமைப் பதவி என்று பேச்சு. எழுதியவள் தங்கச்சி.

இருபத்தொன்பது தலை ஆனது. தொப்பியக்கா அப்படி ஒரு கோட்டை நாலு வருஷத்தில் பார்த்ததில்லை. காட்டுகிற பத்து விளம்பரத்தில் ஏழாவதாகத் தங்கச்சியுடையது வந்ததும் ஒவ்வொரு தலையிலும் சொல்லிவைத்தாற்போல் திடுக், உடனே அட. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சிரிப்பதும் தெரிந்தது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் தங்கச்சி எழுதினதுங்க" என்று ரிசப்ஷன் பெண்ணிடம் சொன்னாள், காவலுக்கு இருக்கிற பெரியவரிடம் சொன்னாள், லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னாள். தங்கச்சியிடம், "என்னத்தைடி எழுதினே, இந்தக் குதி குதிக்குது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒரு வரி" என்றாள் தங்கச்சி. வழக்கமாகப் பாராட்டினால் இரண்டு நாளைக்கு அதையே பேசுகிறவள்.

முப்பதாவது ஆளாக ஒரு பேங்க் அதிகாரி வந்தார். நெற்றி வரை அடர்ந்த கறுப்பு முடி. தொப்பியக்கா விரலை உள்ளே விட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். அது விக். மனிதர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இந்த வயசில் இவருக்கு இப்படி ஒரு சோதனையா என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. அறைக்குள் டாக்டரம்மா, நகத்தைக் கடித்துக்கொண்டு தங்கச்சி, மேலே கம்பெனிக்காரர் காத்திருக்கிறார். தொப்பியக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"டாக்டர், இவருக்குத் தலையில சின்னதா புண்ணு இருக்கு. பசை பட்டா எரியும், வேண்டாம்" என்றாள். அவரிடம் குனிந்து, "போயிட்டு வாங்க சார், ஒண்ணுமில்ல" என்றாள். மனிதர் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப நான் தலைக்கு எங்க போறது? அக்கா, நீங்களே உக்காருங்க."

"ஐயோ, அக்கா வேண்டாம்!" என்றாள் தங்கச்சி. சற்று அவசரமாகவே சொன்னாள்.

"ஏன்?"

"இல்ல... நம்ம ஆளு. சரியா வராது."

"நாலு வருஷமா ஒரு படம் பாத்ததில்ல அவங்க. இந்தக் கட்டடத்துலயே சுத்தமான தலை அவங்களோடதுதான். நீங்களே தொப்பியை மாட்டுங்க, அவங்க சொல்லிக் குடுப்பாங்க."

தங்கச்சிதான் மாட்டினாள். அக்கா சொல்லச் சொல்ல முடியை விலக்கி, பசையை வைத்து, ஒயரைச் சொருகினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. நேரம் ஆனது. "உன் தலையில நான் சிக்கெடுத்த காலம் போய்..." என்று அக்கா கிண்டல் செய்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை. பதவி கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். ஆண்டவனே, என் தலையாவது இவளுக்கு நல்லபடியாகத் துள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஹெட்போனை மாட்டினாள்.

ஆறு விளம்பரம் போயிற்று. ஏழாவது.

ஒரு படுக்கையறை. கொழுகொழு புருஷன் ஒருவன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருக்கிறான், வேடிக்கையான வாத்திய இசை. பெண்டாட்டி கொட்டாவி விட்டுச் சாய்ந்து, கன்னத்தைத் தலையணையில் புதைத்து, கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். "கேக்குற காதைத் தலையணைக்குக் குடுத்துட்டேன். கேக்காத காதை அவருக்குக் குடுத்துட்டேன்!"

ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. அவனுக்கு என்று அவள் சொன்னது அவருக்கு என்று ஆகியிருந்தது. அந்தப் பாவிக்கு மரியாதை வேறு கொடுத்திருக்கிறாள்.

இருபத்தொன்பது பேர் சிரித்தது இதற்குத்தான். இருபத்தொன்பது தலையிலும் பசை வைத்து, அவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்துச் சொன்னவளும் அவளேதான். லிஃப்டில் கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவளும் அவளேதான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பத்துப் படமும் முடிந்ததும் டாக்டரம்மா உள்ளே வந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. "அக்கா, மத்த ஒன்பதுலயும் கோடு ஒழுங்கா இருக்கு. ஏழாவதுல மட்டும் திடுக் இல்ல, அட இல்ல, ஒண்ணுமே இல்ல. அப்புறம் கோடெல்லாம் புல்லு முளைச்ச மாதிரி ஒரே கலவரம். பல்லைக் கடிச்சீங்களா?"

பல்லைக் கடிக்காதீர்கள், கோடு கெட்டுவிடும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் அவள். "கடிச்சிருப்பேன் டாக்டர்" என்றாள்.

"அது அப்புறம். திடுக் ஏன் வரல? தூங்கினவங்களுக்கு வராது, நீங்க தூங்கல. இல்லைன்னா, முன்னாடியே கேட்டவங்களுக்கு வராது." டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்தார். "இந்த வாசகத்தை நீங்க முன்னாடி எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

தொப்பியக்கா தங்கச்சியைப் பார்த்தாள். ஆமாம், கேட்டேன், என் வாயிலிருந்தே கேட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அவளே சொல்லட்டும் என்று விட்டாள். அக்கா ஒருநாள் விளையாட்டாகச் சொன்னது டாக்டர், அவளைக் கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். காதைப் பற்றிப் பேச வேண்டாம், அந்த ஆளைப் பற்றிப் பேச வேண்டாம். இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் அக்கா அந்த நிமிஷமே மன்னித்திருப்பாள். மன்னிக்கத் தயாராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் தங்கச்சி. "அக்காவுக்கு இடது காது கேக்காது. சுத்தமா கேக்காது. அதான் ஏழாவதுல அந்த வாத்தியச் சத்தத்துக்கு நடுவுல வாசகம் சரியா விழுந்திருக்காது. இந்தத் தலையைக் கணக்குல சேக்காதீங்க."

கம்ப்யூட்டர் பார்க்கிறவர் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆராய்ச்சிக்காரர் இல்லையா, எதையும் சோதித்துத்தான் பார்ப்பார். பின்னால் போய் நின்று அக்காவின் வலது காதை ஒரு கையால் இறுகப் பொத்திக்கொண்டு, இடது காதருகே விரலைச் சொடுக்கினார். ஒருமுறை, இருமுறை. எதிரே இருந்த கண்ணாடியில் அந்த விரல்கள் சொடுக்குவதை அக்கா பார்த்தாள். சத்தம் வரவில்லை.

"அடடா, சொல்லவே இல்லையே அக்கா" என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷிதான், குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. பிறகு காகிதத்தில் எழுதினார். தலை முப்பது, காதுக் கோளாறு, நீக்கம்.

வாய் பொய் சொல்லும், தலை சொல்லாது என்பார்களே. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் பொய் சொல்லாத ஒரே தலை அதுதான். அதைத்தான் கோளாறு என்று அடித்தார்கள்.

காவலுக்கு இருக்கும் பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். வழுக்கைத் தலை, ஐந்தே நிமிஷ வேலை. தொப்பியக்கா தன் தலைப் பசையைக்கூடக் கழுவாமல் அவருக்குத் தொப்பியை மாட்டினாள். ஏழாவது வந்தது. திடுக், அட. "எல்லாம் சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் தலை கழுவப் போனாள்.

கழுவுகிற இடத்துக்குத் தங்கச்சி பின்னாலேயே வந்தாள். தங்கச்சி கண் கலங்கியிருந்தாள், அதில் நடிப்பு இல்லை. "அக்கா, உன் பேரு எங்கயும் வராதுக்கா. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"காது தெரிஞ்சுபோச்சே."

"அந்த நேரத்துல வேற என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. வாயில வந்துடுச்சு." குழாயை மூடினாள், திறந்தாள். "நீ அன்னைக்குச் சொன்னப்போ நாம ரெண்டு பேரும் சிரிச்சோமே, ஞாபகம் இல்லையா?"

"சிரிச்சோம்னுதான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீ குறிச்சுக்கிட்டு இருந்திருக்கே" என்றாள் அக்கா. முடியைப் பிழிந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை ரிசப்ஷன் பெண் எழுந்து நின்று, வாயைக் கோணி, "நல்லா இருக்கீங்களாக்கா!" என்று வலது காதில் கத்தினாள். கம்ப்யூட்டர்காரர் ஒன்றைச் சொல்ல வந்து, சைகையில் சொன்னார். பெரியவர்தான் கேட்டேவிட்டார். "எப்படிம்மா போச்சு காது?" ஏழு வருஷம் அவள் தள்ளிவைத்திருந்த கேள்வி. "பிறவியிலேயே" என்றாள். அந்த ஆளுக்காக முதன்முதலாக ஒரு பொய்யும் சொல்லியாயிற்று.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவள் முன்னாலேயே வந்துவிட்டாள். சுவரோர நாற்காலியில் உட்காரவில்லை. அதை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். காலியாக இருந்தது அந்தச் சுவரோர நாற்காலி மட்டும்தான்.

தங்கச்சி டப்பாவோடு வந்து நின்றாள். பதவி கிடைத்துவிட்டது என்று காலையிலேயே மூன்றாவது மாடி வரை செய்தி வந்திருந்தது. நாற்காலியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து, அக்காவின் இடப்பக்கம், சுவருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசினாள் போலிருக்கிறது, டப்பா திறக்கப்படவே இல்லை. அக்கா நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

ஒரு வாரம் முன்னால் இது நடந்திருந்தால், அக்கா ஏன் இடம் மாறி உட்கார்ந்தாள் என்று அந்த அறையில் தங்கச்சி ஒருத்திக்குத்தான் புரிந்திருக்கும். இப்போது எல்லோருக்கும் புரிந்தது. எல்லோருக்கும் புரியவைத்ததும் தங்கச்சிதான்.